சுவர் திறந்திருக்கும்போது

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கி மூன்றாம் நாள். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்த குளியலறைச் சுவரின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். "இந்தக் குழாய் இவ்வளவு சுத்திக்கிட்டா வருது?" என்றார். ஆமாம். வீட்டின் பின்மூலையில் இருந்த ஹீட்டரிலிருந்து கிளம்பிய குழாய், மேலே ஏறி, சமையலறையின் இரண்டு சுவர்களை வளைத்து, நடைவழி நெடுக ஓடி, கடைசியில்தான் அம்மாவின் குளியலறைக்கு வந்து சேர்ந்திருந்தது. அளந்து பார்த்தேன்: 22 மீட்டர். 15 மி.மீ. செம்புக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 0.15 லிட்டர் தண்ணீர் நிற்கும். அப்படியென்றால் சூடு கையில் படுவதற்கு முன்னால் மூன்று லிட்டருக்கு மேல் பச்சைத்தண்ணீர் வெளியே போயாக வேண்டும். குளித்து முடித்துக் குழாயை மூடினால் அதே அளவு வெந்நீர் சுவருக்குள் நின்று ஆறிப்போகும். விடியற்காலையில் அம்மா குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றதெல்லாம் இதற்காகத்தான். ஹீட்டர் பழசாகிவிட்டது, அதனால்தான் தாமதம் என்று நினைத்து நாங்கள் இரண்டு முறை ஹீட்டரையே மாற்றியிருந்தோம்.

அதுவரை இரண்டு மாதமாக நான் பெட்டிகளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்த ஏசி, எத்தனை டன், எந்த ஹீட்டர், எத்தனை லிட்டர் என்று ஒரு நோட்டு முழுக்க அட்டவணை. அந்தக் குழாயைப் பார்த்த அன்று நோட்டை மூடி வைத்தேன். ஹீட்டரோ ஏசியோ பத்துப் பதினைந்து வருடத்தில் எப்படியும் மாறப்போகிறது. இன்று கழற்றி நாளை புதிது மாட்டிவிடலாம். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகிற குழாய், ஒயர், வெப்பக்காப்பு ஆகியவற்றை அப்படி மாற்ற முடியாது. அடுத்த முறை இடிக்கும் வரை அவற்றோடுதான் வாழ வேண்டும். ஆகவே சுவர் திறந்திருக்கும் இந்தச் சில வாரங்களில் மட்டுமே செய்யக்கூடியது எது என்று முதலில் யோசிப்போம், பெட்டியைக் கடைசியில் தேர்ந்தெடுப்போம் என்று வரிசையைத் திருப்பிப் போட்டேன்.

முதலில் மேல்மாடி. அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய ஏசி இருந்தது. போட்ட ஐந்து நிமிடத்தில் அறை சில்லென்று ஆகிவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும். ஆனால் புழுக்கம் போகாது. போர்வை ஈரம் பட்டதுபோல் இருக்கும். வருடக்கணக்கில் அது மாடியின் குணம் என்று விட்டுவிட்டோம். உண்மையில் அந்த ஏசி அறைக்குப் பெரியது. ஏசிக்கு இரண்டு வேலை உண்டு: காற்றின் சூட்டைக் குறைப்பது, காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பது. ஈரம் வெளியேற, காற்று ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளின் (காயில்) மேல் தொடர்ந்து ஓட வேண்டும்; நீராவி அதில் துளியாகி, வடிந்து, டிரெயின் குழாய் வழியாகப் போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் நின்றுபோகிற இயந்திரத்துக்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் தன் முதல் ஏசி அமைப்பை வடிவமைத்ததே புருக்ளினில் ஓர் அச்சகத்துக்காக, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் அவர்களைப் படுத்திக்கொண்டிருந்தது. அந்தத் தொழிலின் தொடக்கமே ஈரம்தான் என்று தெரிந்தபிறகு, "பெருசா போட்டா நல்லா குளிரும்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

முதலில் வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் அறையின் நீள அகலத்தை மட்டும் அளந்தார். சதுர அடியை ஓர் எண்ணால் வகுத்து, மாடி அறைக்கு 2 டன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேற்கு ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை, கூரையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. டன் என்பது எடை இல்லை, வேகம். ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம், சுமார் 3.5 கிலோவாட். ஓர் அறைக்குள் எந்த வேகத்தில் வெப்பம் நுழைகிறது என்று தெரியாமல், எந்த வேகத்தில் அதை வெளியேற்ற வேண்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவதாக வந்தவர் ஒவ்வோர் அறையாகக் கணக்குப் போட்டார். எந்தச் சுவர் எந்தத் திசை, கண்ணாடி எவ்வளவு, கூரைக்கு மேல் வெயிலா இன்னொரு தளமா, கதவிடுக்கில் காற்று எவ்வளவு கசிகிறது, அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். மேற்கு ஜன்னலின் கணக்கு என்னை அதிர வைத்தது. தெளிவான வானத்தில் சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் உச்சத்தில் சுமார் 1000 வாட் விழும். சாயங்காலத்தில் அது கொஞ்சம் குறைந்தாலும், சூரியன் தாழ்ந்து ஜன்னலுக்கு நேரே வந்துவிடுகிறது. இரண்டு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி என்றால் 1 கிலோவாட்டுக்கு மேல் உள்ளே வரும். கோடை மாலை முழுவதும் அறைக்குள் ஒரு ஹீட்டரை ஓடவிட்டு, அதை எதிர்த்து ஏசியையும் ஓட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே தடித்த திரை போட்டிருந்தோமே என்றால், திரையில் படும்போதே வெயில் வீட்டுக்குள் வந்துவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குத்தான் கொடுக்கும். கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால்தான் பலன். ஆகவே முதல் செலவு ஜன்னலுக்கு வெளியே ஒரு மடிப்புத் தட்டி. இரண்டாவது செலவு கூரைக்கு வெப்பக்காப்பு. மூன்றாவதாக ஜன்னல் சட்டங்களைச் சுற்றியிருந்த இடுக்குகளை அடைத்தோம். அதன்பிறகு போட்ட கணக்கில் மாடி அறைக்கு 1 டன் போதும் என்று வந்தது. இன்வெர்ட்டர் வகை என்பதால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிதானமாக, நீண்ட நேரம் ஓடுகிறது. போர்வையில் இப்போது ஈரம் இல்லை.

இன்வெர்ட்டர் என்றால் பெரியதாக வாங்கினாலும் பாதகமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுதான் அது சரி. எந்த இன்வெர்ட்டரும் ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்காது. உங்கள் தேவை அதற்கும் கீழே இருந்தால், பழைய ஏசி போலவே நின்று நின்று ஓடும். வாங்கும்போது அதிகபட்சத் திறனோடு குறைந்தபட்சத் திறனையும் கேளுங்கள். விவரத்தாளில் அது இருக்கும்.

குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் அதிக வாக்குவாதம். எரிவாயு பாய்லர், கம்பிச்சுருள் ஹீட்டர், ஹீட் பம்ப் என்று மூன்று வழி இருந்தது. கம்பிச்சுருளில் 1 யூனிட் மின்சாரம் 1 யூனிட் வெப்பமாகிறது; அதற்கு மேல் அதால் முடியாது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. ஏசி கோடையில் வீட்டு வெப்பத்தை வெளியே தள்ளுவதுபோல, குளிர்காலத்தில் இது வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. உறைநிலையிலிருக்கும் காற்றிலும் எடுப்பதற்கு வெப்பம் உண்டு. மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட், சில நேரம் அதற்கும் மேல் வெப்பம் கிடைக்கும். குளிர் கடுமையாக ஆக ஆக அது குறையும். காற்றைக் கொண்டு கட்டடங்களை இப்படிச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், 1852இலேயே எழுதிவிட்டார்.

ஆனால் ஹீட் பம்பின் பலன் அந்த இயந்திரத்தை மட்டும் பொறுத்ததில்லை. எவ்வளவு சூடான தண்ணீரை அதனிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெந்நீரை ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் பழைய சிறிய ரேடியேட்டர்களுக்கு 60, 70 டிகிரி தண்ணீர் வேண்டும். அங்கே ஹீட் பம்ப் மூச்சு வாங்கும். தரைக்கு அடியில் வளைத்து வளைத்துக் குழாய் பதித்தால் 35 டிகிரி தண்ணீரே போதும், ஏனென்றால் தரை முழுவதும் சூடு தரும் பரப்பாகிவிடுகிறது. கீழ்த்தளத்தில் பழைய தரை ஓடுகளைப் பெயர்க்கத்தான் போகிறோம் என்று முன்பே முடிவாகியிருந்தது. அப்படியானால் தரைக்குழாயைப் பதிக்க இதைவிட்டால் வேறு சமயம் கிடையாது. தரைக்கு அடியில் நல்ல வெப்பக்காப்புப் பலகை, அதன்மேல் குழாய், அதன்மேல் காரை. தரைப்பரப்பு 29 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தாண்டினால் பாதத்துக்கு உறுத்தும். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. குளிர்காலத்தில் காலை எழுந்ததும் முதல் அடி வைக்கவே தயங்குவார். என் முடிவில் பெரும்பங்கு அந்த முதல் அடிக்காகத்தான்.

இதே தரைக்குழாயில் கோடையில் குளிர்ந்த தண்ணீரை விடலாமே என்று தம்பி கேட்டான். விடலாம், ஆனால் எச்சரிக்கையாக. ஈரப்பதம் மிகுந்த நாளில் தரை கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தாலும் அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். வழுக்கும். வயதானவர் நடமாடும் வீட்டில் எனக்கு அது வேண்டாம். தரை சூட்டுக்கு மட்டும், குளிர்ச்சிக்கு ஸ்ப்ளிட் ஏசி என்று பிரித்துவிட்டோம்.

வெந்நீருக்கு வருகிறேன். "டேங்க் எதுக்கு? அப்பப்போ சூடாகிற இன்ஸ்டன்ட் போடு, இடமும் மிச்சம்" என்பது தம்பியின் வாதம். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் ஒரு ஷவர், தண்ணீரின் சூடு 30 டிகிரி ஏற வேண்டும் என்றால், அந்தக் கணத்தில் ஏறக்குறைய 17 கிலோவாட் வேண்டும். நாம் சுவரில் பார்க்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் அதே சூட்டில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் கொடுக்கும். கை கழுவ, பாத்திரம் அலம்பப் போதும், ஷவருக்கு ஆகாது. 17 கிலோவாட்டுக்கு ஒயரிங், மெயின் போர்டு எல்லாவற்றையும் பெரிதாக்க வேண்டும், அதுவும் நாளுக்கு அரைமணி நேரத் தேவைக்காக. எரிவாயுவில் ஓடும் இன்ஸ்டன்ட் அந்தத் திறனைச் சுலபமாகத் தரும். ஆனால் அதற்குப் புகைபோக்கி ஒழுங்காக வெளியே போக வேண்டும். இடுக்கெல்லாம் அடைத்து இறுக்கமாக்கிய வீட்டில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலே புகை திரும்பி உள்ளே வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிவாயு எரியும் பகுதி முழுக்க மூடியிருந்து, வெளிக்காற்றைத் தனிக்குழாயில் எடுத்துக்கொள்ளும் வகையாக இருந்தால் ஒழிய, வீட்டுக்குள் வைக்கச் சொல்ல மாட்டேன். எந்த வகையானாலும் குளியலறைக்குள் வைக்கவே கூடாது.

டேங்க் என்றால் கணக்கு வேறு. 100 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற 3.5 யூனிட். அதையே ஹீட் பம்ப் வைத்த டேங்க் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முடித்துவிடும். நிதானமாகத்தான் சூடேற்றும், மணிக்கணக்காகும். அதனால் அளவைக் கொஞ்சம் தாராளமாக, 200 லிட்டராக எடுத்தோம். தரைக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி இயந்திரங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டி செய்துவிடும் என்று ஆசை காட்டினார்கள். இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் தரைக்கு 35 டிகிரி போதும், டேங்குக்கு 60 வேண்டும். நடுக்குளிரில் அந்த ஒரே பெட்டி பழுதானால் அறைச் சூடும் வெந்நீரும் ஒருசேரப் போய்விடும். வயதானவர் இருக்கும் வீட்டில் அந்த ஆபத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஏன் 60? மின்சாரத்தை மிச்சம் பிடிக்க டேங்கை 45இல் வைத்தால் என்ன என்று நானும் யோசித்தேன். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாட்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நிமோனியாவில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான பாக்டீரியாவுக்கு லீஜனெல்லா என்ற பெயர் அதனால்தான் வந்தது. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீர் அதற்கு மிகவும் பிடிக்கும். 20இலிருந்து 45 டிகிரி வரை நன்றாகப் பெருகும், 60இல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி செத்துவிடும். ஷவரின் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து, அதிலும் முதியவர்களுக்கு. அதேசமயம் 60 டிகிரி தண்ணீர் தோலில் 5 விநாடி பட்டாலே கடுமையாக வெந்துபோகும். இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து ஒரே விடை, டேங்கின் வாயிலில் ஒரு கலப்பு வால்வு. டேங்குக்குள் 60, வால்வு தானாகப் பச்சைத்தண்ணீரைக் கலந்து, குழாய்க்கு 48 டிகிரிக்கு மேல் விடாது. உள்ளங்கையில் அடங்கும் பொருள். அதை வேண்டாம் என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அந்த டேங்கை எங்கே வைப்பது? அது தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பதால், இருக்கும் அறை குளிர்ந்து, உலர்ந்துபோகும். சூடேற்றிய கூடத்தில் வைத்தால் ஒரு கையால் கொடுத்த சூட்டை மறுகையால் பறித்துக்கொள்ளும். கதவை மூடினால் காற்றில்லாத சின்ன அலமாரியில் வைத்தால் திணறும். நாங்கள் துணி துவைத்துக் காயவைக்கும் அறையில் வைத்தோம். அங்கே ஈரம் குறைவது எங்களுக்கு லாபம். அந்த அறை அம்மாவின் குளியலறைக்கு அடுத்த சுவர். 22 மீட்டர் இப்போது 4 மீட்டர். குழாயில் நிற்பது அரை லிட்டர் சொச்சம்தான். இதற்காகத்தான் சுவர் திறந்திருக்கும்போதே டேங்கின் இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். நிரம்பிய டேங்க் கால் டன்னுக்கும் மேல் எடை. தரை தாங்குமா என்று மேஸ்திரியிடம் முன்பே கேட்டுவிட்டோம்.

பழைய ஹீட்டரைக் கழற்றும்போது பார்த்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. பிளம்பர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க" என்று காட்டினார். பாதுகாப்பு வால்வின் வெளிவாயில் ஒரு மூடி போட்டு இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. எப்போதோ அது சொட்டியிருக்கிறது, வந்து பார்த்தவர் சொட்டை நிறுத்த அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் சூடானால் விரியும். 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 1.7 சதவீதம், அதாவது 200 லிட்டருக்கு மூன்று லிட்டருக்கும் மேல். திரும்பிப் போக வழி இல்லாத இடத்தில் அந்த விரிவு அழுத்தமாக ஏறும். தெர்மோஸ்டாட்டும் பழுதானால் மிச்சமிருக்கும் ஒரே காவல் அந்த வால்வுதான். அது அடைந்திருந்த ஹீட்டருக்கு இரண்டடி தள்ளி எங்கள் அம்மா எத்தனையோ வருடம் துணி மடித்திருக்கிறார். இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. உங்கள் வீட்டில் அந்த வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள். விரிவைத் தாங்கும் சின்னத் தொட்டி ஒன்று இல்லை, அல்லது அழுத்தம் அதிகம், அல்லது வால்வே தேய்ந்துவிட்டது என்று அது சொல்கிறது. வெளிவாயிலிலிருந்து ஒரு குழாய், கண்ணில் படும்படி, கீழ்நோக்கி, தடையில்லாமல் வடிகாலுக்குப் போக வேண்டும்.

வெளி யூனிட்டுகளை எங்கே வைப்பது என்பதற்கு அதிகம் யோசிக்கவில்லை. காற்று தாராளமாக வந்து போகும் இடம், கழற்றிக் கழுவ ஆள் நிற்க இடம், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே இல்லாத இடம். குளிர்காலத்தில் அதன்மேல் உறைபனி படியும், அதை உருக்கும்போது தண்ணீர் வடியும். நடைபாதையில் விழாமல் இருக்க வேண்டும். குளிர்பொருள், அதாவது இயந்திரத்துக்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் பொருள், பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கார்பன் டை ஆக்சைடின் புவி சூடாக்கும் திறனை 1 என்று வைத்தால், ஆர்-410ஏ 2088, ஆர்-32 675, ஆர்-290 என்கிற புரொப்பேன் சுமார் 3. புவியைச் சூடாக்கும் குளிர்பொருள்களைக் குறைக்க நாடுகள் 2016இல் செய்த கிகாலி ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் குறைந்த எண்ணை நோக்கித்தான் நகர்கிறது. புரொப்பேன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அது முழுக்க வெளியிலேயே அடங்கிய வகையாகத் தரைக்குழாய்க்கான ஹீட் பம்பை எடுத்தோம்.

டிரெயின் குழாயின் வாட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏசி வாங்கும்போது எல்லாரும் குளிர்ச்சியைக் கேட்கிறார்கள், அந்த ஏசி எடுக்கும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்பதில்லை. புழுக்கமான நாளில் ஒரே ஏசி பல லிட்டர் எடுக்கும். மாடியின் பழைய டிரெயின் சுவருக்குள் ஓரிடத்தில் லேசாக மேலே தூக்கியிருந்தது. சுவரில் வருடா வருடம் ஓதம் காத்ததற்கு அதுதான் காரணம். இம்முறை சுவரில் குழாய்க்கான பள்ளம் (காடி) வெட்டியதும் மீட்டருக்கு 1 செ.மீ.க்குக் குறையாமல் இறங்கும்படி ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரெயினிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மறுமுனையில் வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். ஒன்றில் வரவே இல்லை. அண்ணன் முணுமுணுக்காமல் அந்தத் துண்டைப் பிரித்து மறுபடி போட்டார். அரைநாள் போனது. பூசியபிறகு என்றால் மொத்தச் சுவரும் போயிருக்கும். சுவருக்குள் மறையும் செம்புக் குழாய்களில் திருகு இணைப்பு எதுவும் இல்லாமல், இரண்டு முனையும் வெளியே தெரியும்படி ஒரே நீளமாகப் போட்டோம். அவற்றின் மேல் உறை ஓரிடத்திலும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டோம். விட்டுப்போன இடத்தில் நீர் கோத்துச் சுவர் ஊறும்.

பூச்சுக்காரர்கள் வருவதற்கு முதல்நாள் மாலை, அளவுநாடாவைச் சுவரோடு விரித்துப் பிடிக்கும்படி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தேன். எந்தக் குழாய் தரையிலிருந்து எத்தனை செ.மீ., மூலையிலிருந்து எத்தனை செ.மீ. என்று படத்திலேயே தெரியும். தரைக்குழாய் வளைவுகளை இன்னும் நெருக்கமாக எடுத்தேன், பின்னாளில் யாரும் அங்கே ஆணி இறக்கிவிடக் கூடாது. டேங்கிலிருந்து கூரை வரைக்கும் ஒரு காலிக் குழாய் போட்டிருந்தோம். இப்போதைக்கு அதில் எதுவும் இல்லை. கூரையில் சூரியத் தகடு வைக்க வசதி வரும்போது ஒயர் இழுக்க வேண்டும் என்பதற்காக.

"இதுக்குள்ள என்ன?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு நைலான் கயிறு, அவ்வளவுதான்" என்றேன். மேல்முனையை நான் கட்டியிருந்தேன். கீழ்முனையைத் தன் கையாலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அம்மா அதை ஓர் ஆணியில் சுற்றி முடிச்சுப் போட்டார்.